நின்ன ரத்தம் திரும்பி வந்த பங்குனி

எனக்கு மொதத் தடவை அந்தச் சூடு வந்தப்ப நான் வெயிலைத்தான் வஞ்சேன். சித்திரை மாசம். ஆமத்தூர்ப் பக்கம் சித்திரை வெயில்ல நாயிகூட நெழலை விட்டு எந்திரிக்காது. நெஞ்சுக்குழியில இருந்து ஒரு அனல் கெளம்பி, கழுத்து, காது, உச்சந்தலைன்னு ஏறுச்சு. ஒடனே குப்புன்னு வேத்துச்சு. சீலை முதுகோட ஒட்டிக்கிச்சு. கொஞ்ச நேரத்துல ஒடம்பு வெடவெடன்னு குளுந்து போச்சு. 'இந்த வெயிலு நாசமாப் போக'ன்னு முந்தானையால தொடைச்சிட்டு வேலையைப் பாத்தேன். மார்கழியிலயும் அதே மாதிரி வந்துச்சு பாருங்க, அப்பத்தான் திக்குன்னுச்சு. ஊரே போத்திக்கிட்டுச் சுருண்டு கெடக்கு, நான் மட்டும் வாசல்ல ஈரத்துணியைக் கழுத்துல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். மார்கழியில யாரை வையிறது?

இதை இப்ப ஏன் எழுத வந்தேன்னா, எனக்கு ஒருத்தியும் சொல்லல. எங்க தெருவுல என்னைவிட மூத்த பொம்பளைக எத்தனை பேரு இருக்காளுக! அம்புட்டுப் பேரும் இந்த வழியாத்தான வந்திருப்பாளுக? கேட்டா, 'அதெல்லாம் பேசுற பேச்சா'ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாளுக. ஆஸ்பத்திரியில கெடந்து எந்திரிச்சு வந்த பெறகு, நானாவது சொல்லிப்புடணும்னு ஒரு வீம்பு வந்துருச்சு. அஞ்சாப்போட நின்ன படிப்பு, எழுத்து கோணல்மாணலாத்தான் வரும். தூரம், அதான் மாசாமாசம் வர்ற தீட்டு, ரத்தம்னு எழுதக் கூச்சமாவும் இருக்கு. இருந்தாலும் எழுதுறேன்.

என் பேரு சீனியம்மா. எங்க வீட்டுக்காரரு விருதுநகர்ல ஒரு எண்ணெய் மில்லுல மூட்டை தூக்குறவரு. எங்க ரெண்டு பேரோட அப்பன் ஆத்தாளும் நெலம் வச்சிருந்த சம்சாரிமாரு காட்டுல கூலிக்கு நின்னவக. மழை பொய்ச்சுப் போன ஒரு வருசம் நான் காட்டு வேலையை விட்டுட்டுச் சிவகாசி ரோட்டுல இருந்த வெடிக் கம்பெனிக்குப் போயிட்டேன். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. ஒரே மகன், லாரிக்கு லோடு ஏத்தப் போறவன். மருமக பொன்னுத்தாயி என் கூடப்பொறந்த தம்பி மக. இம்புட்டுத்தான் எங்க குடும்பம்.

எனக்குத் தூரம் நின்னு ஒரு வருசத்துக்கு மேல ஆயிருந்துச்சு. நின்னதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. சந்தோசம்தான். ஏன்னா எனக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்துச்சு. என் மகன் சின்னப் பிள்ளையா இருக்கையில அவனுக்குப் பெரியம்மை போட்டு, பொழைக்கமாட்டான்னு வேப்பெலையில கெடத்தியிருந்தோம். அப்ப நான் விருதுநகர் மாரியம்மனுக்கு, பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச் சட்டி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். மண்சட்டியில நெருப்பை வளத்து, கையில ஏந்தி ஊரைச் சுத்தி வரணும். அதுக்கு முன்னாடியே கையில காப்புக் கட்டி விரதம் இருக்கணும். காப்புக் கட்டியிருக்கையில தூரமாயிட்டா எல்லாம் போச்சு. எனக்கு ஒவ்வொரு வருசமும் சரியா அந்த நாள்லதான் வந்து தொலைக்கும். பையன் வளந்து மீசை மொளைச்சு கல்யாணமும் முடிச்சிட்டான், நான் சட்டி எடுத்தபாடில்ல. அதனால நின்னதும், 'ஆத்தா, இனி ஒனக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணுமில்ல'ன்னு கும்பிட்டேன்.

ஒரே ஒரு பயம் மட்டும் இருந்துச்சு. என் கூடப்பொறந்த ராக்கம்மா அக்காளுக்கும் இப்பிடித்தான் நின்னுச்சு. ரெண்டு வருசம் கழிச்சுத் திடீர்னு திரும்ப ரத்தம் பட்டுச்சு. 'வயசு திரும்புது'ன்னு அவ சிரிச்சா. நாங்களும் சிரிச்சோம். அப்பறம் நாத்தமும் வலியுமாத் துடிச்சு, கர்ப்பப்பையில புத்து நோயின்னு டாக்டரு சொல்றதுக்குள்ள ஆளு எலும்பாப் போயிட்டா. அக்காளை எடுத்துட்டுப் போன அன்னைக்கு என் மனசுல ஒண்ணு ஆழமாப் பதிஞ்சுபோச்சு. நின்ன பெறகு ரத்தம் வந்தா சாவுதான்.

சூட்டுக்கு வர்றேன். அது ஒரு நாளைக்கு ஒரு தடவைங்கிறது போயி, நெனச்ச நேரமெல்லாம் வந்துச்சு. தூக்கம் ஒழிஞ்சு போச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிடும். கொழம்புக்கு உப்பு போட்டேனா இல்லையான்னு மறந்து திரும்பவும் போட்டுருவேன். பொன்னுத்தாயி, 'அத்தை, உப்பு கரிக்கி'ன்னு மெதுவாத்தான் சொன்னா. நான் அரிசி பொடைச்சுக்கிட்டிருந்த சொளகைத் தூக்கி அவ மேல எறிஞ்சுட்டேன். எறிஞ்ச கையோட ஓன்னு அழுதேன். பாவம், அவ என்னன்னு புரியாம அரிசியைப் பொறுக்குனா. இன்னொண்ணும் இருக்கு. வீட்டுக்காரரு பக்கத்துல வந்தா எனக்கு எரிச்சலும் வலியுமா இருந்துச்சு. வறண்டு போன காடு மாதிரி ஆயிருச்சு ஒடம்பு. அவுக ஒண்ணும் கேக்கல, திரும்பிப் படுத்துக்கிட்டாக.

இது என்ன சீக்குன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொன்னாளுக. 'மாசாமாசம் வெளியேறுன கெட்ட ரத்தம் இப்ப உள்ளயே தங்கிருச்சு, அதான் கொதிக்கு'ன்னா ஒருத்தி. 'வெடி மருந்துலயே கெடந்தா ஒடம்பு குளுந்தா போகும்'னா இன்னொருத்தி. கீழத்தெரு பூசாரி பொஞ்சாதி மட்டும் என் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, 'சட்டி எடுக்கிறேன்னு சொல்லி ஏமாத்துனேல்ல? கையில ஏந்த வேண்டிய நெருப்பு ஒடம்புக்குள்ள போயிருச்சுடி'ன்னா. அடி ஆத்தி! மத்ததைவிட இதுதான் சரின்னு பட்டுச்சு. அந்த அனல் ஏறுறது நெருப்புச் சட்டியை மொகத்துக்கு நேரா பிடிச்ச மாதிரியேதான் இருந்துச்சு.

கம்பெனியிலதான் முட்டுக்கட்டை விழுந்துச்சு. புஸ்வாண மருந்துல சில்வர் பவுடர் கலந்திருக்கும். அதுல ஈரம் படக்கூடாது. பட்டா தானாச் சூடேறிப் பத்திக்கிடும். அதனால நாங்க கையைக் காயத் தொடைச்சிட்டுத்தான் உக்காருவோம். ஒரு நாள் நான் குனிஞ்சு அடைச்சுக்கிட்டு இருக்கையில அனல் ஏறி, மொகத்துல வழிஞ்சு நாடியில இருந்து வேர்வை சொட்டப் போச்சு. போர்மேன் குருசாமி ஓடி வந்து மருந்துத் தட்டை வெடுக்குன்னு இழுத்துட்டாரு. என்னைவிட வயசுல சின்னவரு. அவரு மொகம் வெளிறிப் போயிருந்துச்சு.

"அக்கா, ஒங்க மேல தப்பு இல்ல. ஆனா ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா இங்கன இருக்க அம்புட்டுப் பேரும் போயிருவோம். கொஞ்ச நாளைக்கு வெளிய போயி லேபிள் ஒட்டுங்க."

லேபிள் ஒட்டுறது புதுசா வர்ற சின்னப் பிள்ளைக செய்ற வேலை. எனக்கு மானம் போச்சு. அதைவிட, அவரு சொன்னது நெசம்னு தெரிஞ்சதுனால பயம் வந்துச்சு. என் ஒடம்பு எனக்கு மட்டும் எதிரியா இருந்தாப் பரவாயில்ல, பக்கத்துல இருக்கவளுகளையும் கொன்னுபோடும்போல இருக்கேன்னு அன்னைக்குப் பூராவும் பசையைத் தடவிக்கிட்டே புலம்புனேன்.

அப்பறந்தான் விருதுநகர் டவுன்ல ஒரு டாக்டர்கிட்டப் போனேன். ஆம்பளை டாக்டரு, நல்ல கூட்டம். நான் சொல்ல ஆரம்பிக்கிறதுக்குள்ள அவரு எழுதி முடிச்சிட்டாரு. "வயசு. ஹார்மோன் கொறைஞ்சிருச்சு. தெனம் ஒரு மாத்திரை போடு, முடிஞ்சதும் வா"ன்னாரு. ஹார்மோன்னா என்னன்னு கேட்டேன். "ஒடம்புல ஊறுற ஒரு சத்து"ன்னுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. மிளகை விடச் சின்ன வெள்ளை மாத்திரை. அதைப் பாத்தா எனக்கு நம்பிக்கையே இல்ல.

ஆனா கேட்டுச்சுங்க! கொஞ்ச நாள்லயே அனல் கொறைஞ்சு, அப்பறம் நின்னே போச்சு. தூங்குனேன். தூங்குறதுன்னா எம்புட்டுப் பெரிய விசயம்னு தூங்காதவகளுக்குத்தான் தெரியும். பொன்னுத்தாயிகிட்டச் சிரிச்சுப் பேசுனேன். அவ சந்தேகமாப் பாத்தா. மாரு ரெண்டும் கனத்து வலிச்சுச்சு, காலையில கொமட்டுச்சு, அதை நான் பெருசா எடுத்துக்கிடல. குருசாமி என்னைத் திரும்ப மருந்துத் தட்டுக்கு உக்கார வச்சாரு. கொழப்பம் மட்டும் கூடிருச்சு. அம்மன் குடுத்த சூடுன்னா மாத்திரைக்கு எப்பிடி அடங்கும்? மாத்திரைக்கு அடங்குற சூடுன்னா பூசாரி பொஞ்சாதி சொன்னது பொய்யா? எதுக்கும் இருக்கட்டும்னு, அந்தப் பங்குனிக்குச் சட்டி எடுத்துப்புடுவோம்னு முடிவு பண்ணேன்.

காப்புக் கட்டுன அன்னைக்கு மாத்திரையை நிறுத்திட்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லல, சொல்லவும் வேண்டியதில்ல. காப்புக் கட்டியிருக்க ஒடம்புல இங்கிலீசு மருந்து போகக்கூடாதுங்கிறது எங்க பக்கத்துல பச்சப்பிள்ளைக்கும் தெரியும். காச்ச அடிச்சாலே மஞ்சத்தண்ணியும் வேப்பெலையும்தான். அம்மன் கையில ஒடம்பை ஒப்படைச்ச பெறகு டாக்டருக்கு என்ன வேலை? எங்க வீட்டுக்காரரும் எனக்குத் தொணையாக் காப்புக் கட்டிக்கிட்டாக. சூடு லேசாத் திரும்பி வந்துச்சு. வரட்டும், ஆத்தா பாத்துக்கிடுவான்னு இருந்தேன்.

சட்டி எடுக்கிறதுக்கு மொத நாள் மஞ்சச் சீலையைத் தொவைச்சுக் காயப் போட்டுட்டு வந்தேன். உள்பாவாடையில ரத்தம்.

சட்டி எடுக்க முடியாதுங்கிறது ரெண்டாவதாத்தான் தோணுச்சு. மொதல்ல வந்தது ராக்கம்மா அக்கா மொகம். நான் காப்பை அறுத்து வச்சிட்டுக் கொல்லைப்பக்கம் போயி உக்காந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்து வந்து, அங்கன ஏன் உக்காந்திருக்கேன்னு கேட்டாக. சொன்னேன். மறுநாள் நான் எடுக்க வேண்டிய சட்டியை அவுக எடுத்தாக. தோள்ல மூட்டை வச்சுப் பழகுன மனுசனுக்குக் கையில ஏந்தத் தெரியல, ரெண்டு உள்ளங்கையும் கொப்புளிச்சிருச்சு. திரும்பி வந்து, "ஒன் கணக்குத் தீந்துச்சு. பஸ்ஸு ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னாக.

டவுன் டாக்டர்கிட்ட வேண்டாம், பொம்பளை டாக்டரு இருக்க எடத்துக்குப் போவோம்னு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரசவக் கேசும் எங்களை மாதிரிக் கேசும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கோம். பக்கத்துல ஒரு வயித்துப்பிள்ளைக்காரி, பிரியமாத்தான், "யாருக்கு அத்தை பாக்க வந்திருக்கீக? மகளுக்கா?"ன்னா. "எனக்குத்தான்"னேன். அவ என் வயித்தைப் பாத்தா, மொகத்தைப் பாத்தா, அப்பறம் குனிஞ்சு தன் வயித்தைப் பாத்தா. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. சிரிக்கையிலயும் கீழ ரத்தம் போறது தெரிஞ்சுச்சு.

டாக்டரம்மா ஒல்லியா, நரைச்ச தலையோட, கண்டிப்பான ஆளா இருந்தாக. காலை விரிச்சு வச்சு உள்ள கையை விட்டுப் பாத்தாக. எங்க வீட்டுக்காரருக்குக்கூட நான் வெளிச்சத்துல ஒடம்பைக் காட்டுனது இல்ல. கண்ணை மூடிக்கிட்டுச் சொவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்பறம் கேட்டாக.

"தூரம் நின்னு எவ்வளவு நாளாச்சும்மா?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

"மாத்திரை, ஊசி ஏதாவது எடுத்துக்கிறியா?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

நான் பொய் சொல்லல. காப்புக் கட்டுனதுல இருந்து ஒரு மாத்திரை என் வாயில போகல. விரதத்துல மருந்து சாப்பிட்டியான்னு யாரு கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லுவோம், அது ஒரு பெருமை. ஆனா அந்த வார்த்தையைக் கேட்டதும் டாக்டரம்மா மொகம் மாறிப்போச்சு. "காரணம் இல்லாம இந்த ரத்தம் வரக்கூடாது. ஒடனே படுத்துரு. மயக்கம் குடுத்துக் கர்ப்பப்பையைச் சுரண்டி, அந்தத் தசையை மதுரைக்கு அனுப்பிப் பாக்கணும்"னாக. புத்தான்னு கேட்டேன். "பாக்காமச் சொல்லமாட்டேன்"னாக. எனக்கு அதுவே பதிலாப் போச்சு.

ஒடம்புல ரத்தம் கொறைஞ்சிருக்கு, ஊசி போட்டுத் தேத்தித்தான் சுரண்ட முடியும்னு வார்டுல போட்டுட்டாக. பக்கத்துக் கட்டில்ல ஆனைக்குட்டத்துக்காரி ஒருத்தி. அடிவயித்துக் கட்டியை அறுக்க வந்தவ. அவளுக்கு எல்லாம் தெரியும். "கர்ப்பப்பையை எடுத்துட்டா ஆம்பளைக் கொரலு வந்துரும்"ங்குவா. கொஞ்ச நேரம் கழிச்சு, "எடுக்காம விட்டா மூளைக்கு ஏறிரும்"பா. நர்ஸம்மா ஒண்ணு சொல்லுவாக, பாக்க வர்றவக ஒண்ணு சொல்லுவாக. பொழுதன்னைக்கும் கேட்டுக் கேட்டு, எனக்கு எது வயிறு, எது தலைன்னே தெரியாமப் போச்சு.

எங்க வீட்டுக்காரரு மில்லுக்கு லீவு சொல்லிட்டு வெளிய வேப்பமரத்தடியிலயே கெடந்தாக. அரிசி கெடைக்காத வருசம். எங்கெங்கயோ அலைஞ்சு, மூணு கல்லு கூட்டி, அவுகளே கஞ்சி காச்சி தூக்குவாளியில கொண்டு வந்தாக. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அடுப்புப் பக்கம் வந்ததில்ல. கஞ்சி அடிப்பிடிச்சு நாறுச்சு. கொப்புளம் ஒடைஞ்ச கையால தூக்குவாளியைப் பிடிச்சுக்கிட்டு, "நல்லா இருக்கா?"ன்னாக. நல்லா இருக்குன்னு சொல்லிக் குடிச்சேன். குடிச்சிட்டு, நான் செத்துப்போனா இந்த மனுசன் இதைத்தான தெனம் குடிக்கணும்னு நெனச்சேன். அழுகையா வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை பொன்னுத்தாயி வந்தா. கருவாட்டுக் கொழம்பு வச்சுக் கொண்டாந்திருந்தா. நான் அவ மேல சொளகை எறிஞ்சவ, அவ எனக்குத் தலைசீவிச் சடை பின்னி விட்டா. அந்த நேரம் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தாக. பொன்னுத்தாயிக்குப் பயம் கெடையாது, நேராப் போயி நின்னா.

"டாக்டரம்மா, எங்க அத்தை நல்லாத்தான இருந்தாக? அந்த வெள்ளை மாத்திரை சாப்பிட்டவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லையே. காப்புக் கட்டி அதை நிறுத்துனதுக்கப்பறந்தான் எல்லாம் வந்துச்சு."

டாக்டரம்மா அப்பிடியே நின்னுட்டாக. "எந்த மாத்திரை?"

பொன்னுத்தாயி மடியில இருந்து குப்பியை எடுத்தா. அவ அதையும் கையோட கொண்டு வந்திருந்தா. டாக்டரம்மா வாங்கிப் படிச்சாக. படிச்சிட்டு என்னைப் பாத்தாக பாருங்க ஒரு பார்வை.

"மாத்திரை சாப்பிடலன்னு சொன்னியேம்மா!"

"விரதத்துல எப்பிடிம்மா சாப்பிடுறது?"ன்னேன். எனக்கு நெசமாவே புரியல. ஆனைக்குட்டத்துக்காரி களுக்குன்னு சிரிச்சா. டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, மொதத் தடவையா எனக்கு எல்லாத்தையும் சொன்னாக. நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

பொம்பளைக்கு அடிவயித்துல ரெண்டு சினைப்பை இருக்கு. அதுல இருந்து ஊறுற சத்துதான் ஹார்மோன். அந்தச் சத்தாலதான் மாசாமாசம் கர்ப்பப்பைக்கு உள்ள மெத்துன்னு ஒரு தோலு வளருது. பிள்ளை தங்கலன்னா அது உரிஞ்சு ரத்தமாப் போகுது. கெட்ட ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயசானா சத்து ஊறுறது கொறையும், தூரம் நிக்கும். ஆனா பழகுன ஒடம்பு, அந்தச் சத்து இல்லாம எது சூடு எது குளிருன்னு தெரியாமத் தடுமாறும். அதான் அனலும் வேர்வையும், தூக்கம் கெடுறதும், கோவமும். மாத்திரைங்கிறது அந்தச் சத்தையே வெளிய இருந்து குடுக்கிறது. குடுத்தா சூடு அடங்கும். அதே நேரம் உள்ள அந்தத் தோலும் திரும்ப வளரும். சட்டுன்னு நிறுத்துனா, வளந்தது உரிஞ்சு ரத்தமா வரும்.

"அப்ப இது எங்க அக்காளுக்கு வந்த மாதிரிப் புத்து இல்லையா?"ன்னு கேட்டேன்.

"மாத்திரையை நிறுத்துனதால வந்த ரத்தமா இருக்கலாம். ஆனா அப்பிடியே விடமுடியாதும்மா. ஒங்க அக்காளுக்கு வேற இருந்திருக்கு. சுரண்டிப் பாத்துத்தான் சொல்லுவேன்"னாக.

பாதி உசிரு வந்துச்சு, மீதி வரல. இருக்கலாம்னா இல்லாமலும் இருக்கலாம்ல? சுரண்டுன அன்னைக்கு மூக்குல துணியை வச்சு நெடியடிக்கிற ஒரு மருந்தை ஊத்துனாக. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணச் சொன்னாக. அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்னு நர்ஸம்மா பெறகு சொன்னாக. முழிச்சப்ப அடிவயித்துல கிள்ளுற மாதிரி வலி, தொண்டை வறட்சி, வேற ஒண்ணும் இல்ல. ரத்தமும் நின்னுருச்சு. தசையை மதுரைக்கு அனுப்பியிருக்கு, பதில் வந்ததும் சொல்லுவோம்னு வீட்டுக்கு அனுப்பிட்டாக. ஆஸ்பத்திரிக்கு ஆன செலவுக்கு எங்க வெள்ளாடு ரெண்டும் போயிருந்துச்சு. வெறுங்கொட்டிலைப் பாத்து எனக்குத்தான் மனசு கேக்கல. "ஆடு கெடக்கட்டும்"னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாக.

வீட்டுல காத்துக்கெடந்த அந்த நாளுகதான் எல்லாத்தையும்விட மோசம். மாத்திரை இல்லாம அனல் திரும்ப மொத்தமா ஏறுச்சு. ஒவ்வொரு தடவை ஏறுறப்பயும், இது சத்துக் கொறைஞ்ச சூடா, அம்மன் சூடா, இல்ல உள்ள புத்து வளர்ற சூடான்னு மூணையும் மாத்தி மாத்தி நெனப்பேன். டாக்டரம்மா சொன்னது புரிஞ்சுச்சு. பூசாரி பொஞ்சாதி சொன்னதும் மனசை விட்டுப் போகல. நாளுக்குப் பல தடவை கொல்லைக்குப் போயித் துணியைப் பாப்பேன். பொன்னுத்தாயி வாசல்லயே நிப்பா, நான் ஒண்ணும் படலன்னு தலையை ஆட்டுனதும் உள்ள போயிருவா.

ஆஸ்பத்திரியில இருந்து வரச்சொல்லி ஆளு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரும் நானும் போனோம். பொம்பளைக பாக்குற ரூமுக்குள்ள ஆம்பளையை விடமாட்டாக. அவுக வராந்தாவுல நின்னுக்கிட்டாக, நான் மட்டும் உள்ள போனேன். டாக்டரம்மா கதவைச் சாத்திட்டு, நான் உக்காரக்கூட இல்ல, "புத்து இல்லம்மா. மாத்திரையால வளந்த தோலுதான். ஒண்ணும் இல்ல"ன்னாக. நான் அவுக மேசையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"இப்ப நீ ஒண்ணு முடிவு பண்ணணும். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம். சூடு அடங்கும், தூக்கம் வரும், ஒன் வேலைக்கும் அது வேணும். அளவாச் சாப்பிட்டு, நான் சொல்ற நாள்ல நிறுத்தி, நான் சொல்ற நாள்ல ஆரம்பிக்கணும். ஆனா நிறுத்துறப்பெல்லாம் ரத்தம் படலாம். வருசக்கணக்காச் சாப்பிட்டா புத்து வருமோன்னு சில டாக்டருங்க பயப்படுறாங்க, சில பேரு வராதுங்கிறாங்க. சாப்பிடாமலும் இருக்கலாம். சூடு கொஞ்ச வருசத்துல தானா அடங்கும். சில பேருக்கு ரொம்ப நாளும் இழுக்கும்."

"நீங்களே சொல்லுங்கம்மா, நான் செய்றேன்."

"நான் சொல்லமாட்டேன். தாங்கப் போறது நீ."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "படிச்ச நீங்களே தெரியாதுன்னா நான் யாருகிட்டம்மா போவேன்? நீங்க என் எடத்துல இருந்தா என்ன செய்வீக?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாக. "ஒன் எடத்துலதான்மா இருக்கேன்"னாக. கழுத்தைத் தொடைச்சுக்கிட்டாக. "சாப்பிட்டேன். பயந்து போயி விட்டேன். ஆபரேசன் பண்றப்ப கண்ணுல வேர்வை எறங்குச்சு, கத்தியைப் பிடிச்சுக்கிட்டு எப்பிடித் தொடைக்கிறது? அதனால திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். சரியா தப்பான்னு எனக்கும் தெரியலம்மா."

என் மருந்துத் தட்டு மாதிரி அவுகளுக்கும் ஒரு தட்டு இருக்கு, அதுலயும் வேர்வை விழக்கூடாது. அவுக பிடிச்ச பிடியில அவுக நிக்கிறாக. எனக்கு அந்தத் தெம்பு இல்லன்னு அப்பத் தெளிவாத் தெரிஞ்சுச்சு. சூடு வந்தா வந்துட்டுப் போகட்டும், லேபிள் ஒட்டிக்கூடப் பொழைச்சுக்கிடுவேன். துணியில செவப்பைப் பாக்குற ஒவ்வொரு தடவையும் என்னால சாக முடியாது. "எனக்கு வேண்டாம்மா"ன்னேன். "சரி"ன்னாக. தூங்க முடியாமத் தவிச்சா வா, அப்பப் பேசுவோம்னாக. ரெண்டு பேரும் மேல சுத்துற காத்தாடிக்கு நேராக் கழுத்தைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம்.

கதவைத் தெறந்து வெளிய வந்தேன். எங்க வீட்டுக்காரரு சொவரோரமா நின்னுக்கிட்டு இருந்தாக. எனக்கு உள்ள கேட்டதை யாருகிட்டயாவது சொல்லாட்டி மண்டை வெடிச்சிரும்போல இருந்துச்சு.

"இங்க பாருங்க, ஒரு கூத்தைக் கேளுங்க. டாக்டரம்மாவுக்கும் என்னை மாதிரியே வேத்துக் கொட்டுதாம்! அவுகளும் அந்த மாத்திரைதான் சாப்பிடுறாகளாம். நல்லதா கெட்டதான்னு அவுகளுக்கே தெரியலயாம். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். கம்பெனியில லேபிள் ஒட்டிக்கிடுறேன், என்ன சொல்றீக? பாவம், அம்புட்டுப் படிச்சும் அவுக..."

நான் பேசிக்கிட்டே போறேன். அவுக என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாக.

"ஏ புள்ள"ன்னாக. "மொதல்ல அதைச் சொல்லு. புத்தா, இல்லையா?"

அட பாவி மனுசி! அதைச் சொல்ல மறந்துட்டேன். அதைத் தெரிஞ்சுக்கிடத்தான வந்தோம்.

"இல்லங்க. ஒண்ணும் இல்லையாம்."

அவுக அங்கனயே, ஆளுக நடந்து போற வராந்தாவுல, பொத்துன்னு உக்காந்துட்டாக. நெத்தியில இருந்து, கழுத்துல இருந்து வேர்வை ஊத்துது, சட்டை நனைஞ்சு போச்சு. நர்ஸம்மா வந்து, பாதையில உக்காரக் கூடாதுன்னு வஞ்சாக. நானும் பக்கத்துல உக்காந்து முந்தானையை எடுத்து அவுகளுக்கு விசிறி விட்டேன்.